மக்கு மிகுந்த மண்ணில் மணிச்சத்து என்ன ஆகிறது?

மண்ணும் உரமும்: வாசகர் கேள்வி பதில்

தொழு உரத்தையும் மணிச்சத்து உரங்களையும் சேர்த்து இடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மக்கு (மக்கிய தாவர, அங்ககப் பொருள்) நிறைந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தொடுபவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: மூன்று ஏக்கரில் கரும்பு பயிரிடுகிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் கரும்பு விளையும் நிலம் முழுக்க முழுக்க மக்கால் ஆனது என்றும், அங்கே யூரியாவே போடுவதில்லை என்றும், மணிச்சத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். நானும் சோகையை (காய்ந்த கரும்பு இலையை) எரிக்காமல் நிலத்திலேயே விடுகிறேன்; சர்க்கரை ஆலையிலிருந்து பிரஸ்மட் (கரும்புச் சாறு வடிகட்டிய கழிவு) வாங்கிப் போடுகிறேன். அப்படியானால் எனக்கும் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) தேவையில்லையா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: காணொளியில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அது உங்கள் நிலத்துக்குப் பொருந்தாது. ஓக்கிசோபி ஏரிக்குத் தெற்கே ஏறத்தாழ 7 லட்சம் ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் அந்த நிலம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த கோரை வகைத் தாவரங்கள் அரைகுறையாக மக்கிப் படிந்து உண்டானது. அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அதற்கு மேலே மணலும் களியும் பெயரளவுக்குத்தான், மற்றதெல்லாம் தாவர மக்கு. இப்படிப்பட்டதைத்தான் மண்ணியலார் கரிம மண் என்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் அந்தப் பெயரைப் பெற, அங்ககக் கரிமம் (மக்கிலுள்ள கார்பன்) குறைந்தது 12 விழுக்காடாவது இருக்க வேண்டும். அந்த மக்கு அடுக்கும் பொதுவாக 40 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையக் கூடாது. தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட உங்கள் வண்டல் நிலத்தைப் பரிசோதித்தால் அங்ககக் கரிமம் 1 விழுக்காட்டை எட்டுவதே அரிது. ஆண்டுதோறும் சோகையை விட்டாலும் அது 12 ஆகிவிடாது. காற்றோட்டமுள்ள நிலத்தில், நம் வெயிலில், மக்கு சேரும் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாகவே அது சிதைந்தும் போகிறது.

புளோரிடாவில் நடந்ததும் அந்தச் சிதைவுதான். சதுப்பை வடித்து உழவுக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை காற்றுப்படாமல் இருந்த மக்குக்குள் காற்று புகுந்தது. பெல் கிளேடு ஆய்வு நிலையத்தில் 1924-ஆம் ஆண்டு ஒரு கான்கிரீட் தூணைப் பாறை வரை இறக்கி, அதன் தலை மண்மட்டத்தோடு ஒட்டியிருக்கும்படி நட்டார்கள். சிதைந்தும் இறுகியும் மண் தாழ்ந்ததால் இன்று அந்தத் தூண் 5 அடிக்கும் மேல் வெளியே தெரிகிறது. இப்படிச் சிதையும் மக்கு விடுவிக்கும் தழைச்சத்தே (நைட்ரஜன்) கரும்புக்குப் போதுமாக இருப்பதால்தான் அங்கே யூரியா தேவைப்படுவதில்லை.

மணிச்சத்தின் கதை வேறு. நம் மண்ணில் இடும் டிஏபி குருணை கரைந்ததும், அதிலுள்ள மணிச்சத்தாகிய பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் களியும் சுண்ணாம்பும் பற்றிக்கொள்கின்றன. ஆகவே அது குருணை விழுந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஓரிரு சென்டிமீட்டர்தான் நகர்கிறது. இடும் மணிச்சத்தில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதற்கும், எஞ்சியது நிலத்தைவிட்டு ஓடிவிடாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. கரிம மண்ணில் இந்தப் பிடிமானம் மிகவும் குறைவு. புதிதாக வடித்த சதுப்பு நிலத்தில் பயிருக்கு எட்டும் மணிச்சத்து சொற்பமாக இருப்பதால் தொடக்கத்தில் நிறையவே இட வேண்டியிருக்கும். இட்டதோ தண்ணீரோடு நகர்ந்து, வடிகாலில் இறங்கி, நிலத்துக்கு வெளியே போய்விடும். அதோடு, மக்கு சிதையச் சிதைய அதற்குள் இருந்த மணிச்சத்தும் வெளிப்பட்டு அதே வழியில் போகும்.

அங்கே அது போய்ச் சேர்ந்த இடம் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு. மணிச்சத்து மிகக் குறைந்த தண்ணீரில் வாழப் பழகிய கோரைக் காடு அது. வயல்களிலிருந்து வந்த நீரால் அங்கே சம்பங்கோரை பெருகிப் பழைய கோரையை ஒடுக்கத் தொடங்கியது. 1994-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சதுப்பின் நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் என்ற வரம்பு பின்னர் வகுக்கப்பட்டது. அந்த எண்ணின் சிறுமையை உணர ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் இந்த அளவு ஆக்சைடு (P₂O₅) கணக்கு என்பதால் 2.29 ஆல் வகுத்தால் தனிமமாகிய பாஸ்பரஸ் ஏறத்தாழ 10 கிலோ. இந்தப் பத்துக் கிலோ போதும், 100 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக. கட்டுப்பாடு ஏன் என்பது இதிலேயே விளங்கும்.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். டிஏபியைக் குறைக்க உங்களுக்குக் காரணம் இருக்கலாம்; ஆனால் அந்தக் காரணம் பிரஸ்மட், புளோரிடா அன்று. பிரஸ்மட்டின் தன்மை ஆலைக்கு ஆலை மாறினாலும், உலர் எடையில் பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடு மணிச்சத்து இருக்கும். உலர் கணக்கில் ஏக்கருக்கு 2 டன் இட்டிருந்தால் குறைந்தது 20 கிலோ மணிச்சத்தை நிலத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அது ஏறக்குறைய ஒரு மூட்டை டிஏபியில் இருப்பதற்குச் சமம். ஆகவே அடுத்த நடவுக்கு முன் அரை கிலோ மண்ணை முறைப்படி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பயிருக்கு எட்டும் மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அது உயர் அளவு. உரத்தைத் தைரியமாகக் குறைக்கலாம். 11 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு சோகை போட்டிருந்தாலும் நிறுத்தாதீர்கள். புளோரிடா விவசாயிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பழக்கம் ஒன்று உண்டு: மணிச்சத்தை நிலம் முழுவதும் தூவாமல், சாலில் கரணைக்கு (நடும் கரும்புத் துண்டுக்கு) அருகே இட்டு மூடுகிறார்கள். நம் வண்டலிலும் அதுவே சிறந்த முறை.

கேள்வி: "அங்ககப் பொருள் மணிச்சத்தைப் பிடித்துவைக்காது" என்று ஓர் ஆசிரியர் கற்பிக்கிறார், "அங்ககப் பொருள் மிகுந்த மண்ணில் மணிச்சத்து நிலைப்பட்டுவிடும்" என்று மற்றொருவர் கற்பிக்கிறார். இரண்டில் எது சரி? கரிம மண்ணின் பரிசோதனை முடிவை எடைக் கணக்கில் சொல்லாமல் கனஅளவுக் கணக்கில் சொல்ல வேண்டும் என்கிறார்களே, அது ஏன்? (வேளாண்மை மாணவி, சிதம்பரம்)

பதில்: இருவரும் சரியாகவே சொல்கிறார்கள், இருவர் மனத்திலும் இருப்பது வெவ்வேறு மண். தண்ணீரில் கரைந்த மணிச்சத்து பாஸ்பேட் என்னும் எதிர்மின் அயனியாக இருக்கிறது. மக்கின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றமே மிகுதி. ஆகவே மக்கு சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) ஈர்த்து வைத்துக்கொள்ளும், பாஸ்பேட்டைத் தள்ளிவிடும். முதல் ஆசிரியரின் கூற்று இந்தத் தூய மக்கைப் பற்றியது.

ஆனால் நிலத்தில் தூய மக்கு அரிது. உதகை வட்டாரத்து மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது கரிம மண் என்ற வரையறைக்குள் வருவதில்லை என்றாலும், சமவெளியோடு ஒப்பிட்டால் அதில் மக்கு மிக அதிகம். இருந்தும் அங்கே உருளைக்கிழங்குக்குச் சமவெளிப் பயிர்களைவிட அதிக மணிச்சத்து தேவைப்படுகிறது. அந்த அமில மண்ணின் மக்கோடு இரும்பும் அலுமினியமும் பிணைந்திருப்பதும், அவை ஒரு புறம் மக்கையும் மறு புறம் பாஸ்பேட்டையும் பற்றிக்கொண்டு பாலம்போல் நிற்பதும்தான் காரணம். இரண்டாம் ஆசிரியர் இதைச் சொல்லியிருக்கலாம். எனவே மக்கு மிகுந்த மண் எதுவானாலும், மக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மக்கு நீங்கலாக என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் இதற்கு எளிய தொடக்கம் உண்டு. உலர்ந்த மண்ணை மூசையில் இட்டு மஃபில் உலையில் 550 டிகிரி செல்சியசில் எரித்தால் மக்கு போய்ச் சாம்பல் எஞ்சும். அள்ளினால் விரல் நுனியில் ஒட்டும் அளவுக்குச் சாம்பல் சொற்பமாக இருந்தால் அந்த மண் மணிச்சத்தைக் கையில் வைத்திருக்காது. சாம்பல் நிறைய இருந்து அது செம்பழுப்பு நிறமாகவும் இருந்தால் இரும்பு மிகுதி என்று ஊகிக்கலாம். அமிலத் துளி பட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. புளோரிடாவில் மக்கு அடுக்கு மெலிந்து, உழவில் அடிப்பாறையின் சுண்ணாம்பு மேலே கலந்துவிட்ட வயல்களில், அதே கரிம மண் மணிச்சத்தைப் பிடித்துவைக்கத் தொடங்குகிறது.

"நிலைப்படுதல்" என்று பாடத்தில் வருவது வேறொரு நிகழ்வையும் குறிக்கலாம். மக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். சிதையும் பொருளில் கரிமத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 300-க்கு மேல் இருந்தால், அவை மண் கரைசலில் உள்ள பாஸ்பேட்டையும் உரத்தில் வந்ததையும் உறிஞ்சித் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும். 200-க்குக் கீழே இருந்தால் தம் தேவை போக மீதியை வெளியே விடும். இவற்றுக்கு இடைப்பட்ட நிலையில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். இது தற்காலிகப் பிடிப்பே; அந்த உயிர்கள் மடியும்போது பெரும்பகுதி திரும்பி வரும். கரிம மண்ணில் மொத்தப் பாஸ்பரசில் பாதிக்கும் மேற்பட்டது பைட்டேட், நியூக்ளிக் அமிலம், பாஸ்போலிப்பிடு போன்ற கரிமச் சேர்மங்களாகவே இருப்பதால், பாஸ்பட்டேஸ் நொதிகள் அவற்றை வெட்டி விடுவிக்கும் வேகம் பயிரின் ஊட்டத்தைப் பெருமளவு முடிவு செய்கிறது. வெப்பம், ஈரம், காற்றோட்டம் மூன்றும் அந்த வேகத்தை மாற்றும். ஒரு பருவத்தில் எடுத்த பரிசோதனை முடிவை மறு பருவத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாததற்கு இதுவும் காரணம்.

கனஅளவுக் கேள்விக்கு விடை எளிது. ஒரு எக்டேர் பரப்பில் 15 சென்டிமீட்டர் ஆழம் என்பது 1,500 கனமீட்டர். நம் வயல் மண் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1,500 கிலோ, மொத்தம் 22.5 லட்சம் கிலோ. உலர்ந்த மக்கு மண் ஒரு கனமீட்டர் 200 கிலோதான் என்றால் மொத்தம் 3 லட்சம் கிலோ. இரண்டு மண்ணிலும் பத்து லட்சத்தில் 10 பங்கு பாஸ்பரஸ் என்று ஆய்வகம் முடிவு தந்தால், முதல் மண்ணில் அது எக்டேருக்கு 22.5 கிலோ, இரண்டாவதில் வெறும் 3 கிலோ. வேர் பரவுவது இடத்தில், எடையில் அன்று. எடைக் கணக்கை மட்டும் பார்த்தால் பட்டினி கிடக்கும் மக்கு மண்ணைச் செழிப்பானது என்று எழுதிவிடுவோம். மண்ணிலிருந்து மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் கரைசலும் முக்கியம். கார மண்ணுக்கு ஆல்சன் முறையும் அமில மண்ணுக்குப் பிரே முறையும் நீங்கள் கற்றிருப்பீர்கள். புளோரிடாவின் மக்கு மண்ணுக்கு நீண்ட காலம் வெறும் தண்ணீரில் கரைந்து வரும் மணிச்சத்தையே அளந்து பரிந்துரை வழங்கினார்கள். பிடிமானமே இல்லாத மண்ணுக்கு அது நியாயமான முறைதான்.

கேள்வி: மொட்டை மாடியில் முழுக்கத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் தக்காளி வளர்க்கிறேன். வாரம் ஒரு முறை பைக்கு ஒரு தேக்கரண்டி டிஏபி போட்டும் இலைகளின் அடிப்புறம் ஊதா நிறமாகிறது. பழத்தின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. உரம் போதவில்லையா? (லாசுப்பேட்டை வாசகி, புதுச்சேரி)

பதில்: நமக்கு மிக அருகில் இருக்கும் கரிம மண் உங்கள் மாடியில்தான் இருக்கிறது. நார்க்கழிவில் களி இல்லை, இரும்பு இல்லை, சொல்லத்தக்க சுண்ணாம்பும் இல்லை. நீங்கள் இடும் டிஏபி கரைந்து, அடுத்தடுத்து ஊற்றும் தண்ணீரில் பையின் அடியிலுள்ள துளை வழியே தேநீர் நிறத்தில் வெளியேறும் நீரோடு போய்விடுகிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் டிஏபியில் 1 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. 3 கிலோ தக்காளிப் பழத்தில் இருப்பதோ 1 கிராமுக்கும் குறைவு. வாரந்தோறும் அவ்வளவு போட்டும், இலையின் ஊதா நிறம் காட்டுவதுபோல், செடி மணிச்சத்துக்குப் பசித்திருக்கிறது என்றால் குறை அளவில் இல்லை. நார்க்கழிவு நன்றாக மக்காததாக இருந்தால் இன்னொரு பங்கும் குறையும். பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு மேல். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடிக்கு முன்னரே எடுத்துக்கொள்ளும்.

பழத்தின் அடி அழுகுவது சுண்ணாம்புச்சத்துக் குறை. நார்க்கழிவு தன்னிடமுள்ள சாம்பல்சத்தை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. டிஏபியில் சுண்ணாம்பு இல்லை, அதிலுள்ள அம்மோனியமோ செடி சுண்ணாம்பை எடுப்பதற்குப் போட்டியாகவும் நிற்கிறது. தண்ணீர் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் குறைந்தும் போனால் இந்த நோய் இன்னும் கூடும். ஆகவே டிஏபியை நிறுத்துங்கள். அடுத்த முறை பை நிரப்பும்போது நார்க்கழிவை மட்டும் நம்பாமல், செம்மண், மக்கிய நார்க்கழிவு, தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்துகொள்ளுங்கள். வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. உங்கள் பைக்குக் குறைவாக இருக்கும் பிடிமானத்தை அதுவே தரும். மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட்டைக் கலவையில் சேர்த்தால் அதிலுள்ள ஜிப்சம் சுண்ணாம்பையும் கொடுக்கும். இப்போது நிற்கும் செடிகளுக்கு, கரையும் உரம் எதுவானாலும் சிட்டிகை அளவில் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். பையின் அடியில் நீர் ஒழுகும் அளவுக்கு ஊற்றாதீர்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக ரசாயன உரம் இல்லாமல் தொழு உரமும் கோழி எருவும் மட்டும் இட்டு நெல்லும் காய்கறியும் செய்கிறேன். அண்மையில் செய்த பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.9 விழுக்காடு, கார அமில நிலை (pH) 8.1, மணிச்சத்து எக்டேருக்கு 58 கிலோ என்று வந்திருக்கிறது. ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத்தூள்) போட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா? (குறிஞ்சிப்பாடி வாசகர்)

பதில்: வேண்டாம். 58 கிலோ என்பது உயர் அளவின் தொடக்கத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மேலும் ராக் பாஸ்பேட் கரைவதற்கு அமிலம் வேண்டும். கார அமில நிலை 5.5-க்குக் குறைந்த மண்ணில்தான் அது பயன் தரும். கேரளத்தின் குட்டநாட்டுக் கரி நிலங்களில், மக்கும் கந்தக அமிலமும் சேர்ந்த அந்த மண்ணில், நெல்லுக்கு அதை இடுவது அறிவுள்ள செயல். உங்கள் 8.1-இல் அது கல்லாகவே கிடக்கும்.

ரசாயன உரமே இடாத நிலத்தில் இவ்வளவு மணிச்சத்து எப்படி வந்தது என்று நீங்கள் வியந்தால் கோழி எருவைப் பாருங்கள். தொழு உரத்தில் மணிச்சத்து 0.2 விழுக்காடு என்றால் கோழி எருவில் 2 முதல் 3 விழுக்காடு. பயிரின் தழைச்சத்துத் தேவையை எருவாலேயே நிறைவு செய்ய முனையும்போது மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். தழைச்சத்து காற்றிலும் நீரிலும் போய்விட, மணிச்சத்து தங்கிவிடும். எருவிலிருந்து வரும் கரிம அமிலங்கள் மண்ணின் பிடிமான இடங்களைப் பகிர்ந்துகொள்வதால், தங்கியதில் பயிருக்கு எட்டும் பங்கும் கூடும். இது நல்லதுதான், ஆனால் 58-க்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் துத்தநாகக் குறை தலைகாட்டும், அதிலும் உங்களைப் போன்ற கார மண்ணில் விரைவாகவே. நாற்று நட்ட மூன்றாவது நான்காவது வாரத்தில் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அதை நினைவில் கொள்ளுங்கள். கோழி எருவைச் சில பருவங்கள் நிறுத்திவிட்டு, தழைச்சத்துக்குத் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுங்கள். அது காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும், மணிச்சத்தை வெளியிலிருந்து கொண்டுவராது.

கேள்வி: மானாவாரி நிலக்கடலைக்குச் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் வைத்திருந்து இடச் சொல்கிறார்கள். நேராகவே இட்டால் என்ன? (விருத்தாசலம் வாசகர்)

பதில்: உங்கள் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி, நேராக இட்டால் பெரும்பகுதியை மண் முந்திக்கொள்ளும். எக்டேருக்கு 750 கிலோ தூளாக்கிய தொழு உரத்தில் பரிந்துரைத்த சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து மக்க வைப்பதைத்தான் ஊட்டமேற்றிய தொழு உரம் என்கிறார்கள். கலவையில் ஒரு பங்கு மணிச்சத்து நுண்ணுயிர்களின் உடலில் ஏறி, மண்ணின் பிடிக்கு உடனே எட்டாமல் பின்னர் மெல்ல வெளிவருகிறது. எஞ்சியதைச் சுற்றியிருக்கும் கரிம அமிலங்கள் இரும்பை ஓரளவு மறித்து நிற்கின்றன. நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவும் பிழிந்தால் நீர் சொட்டாமலும் இருக்கும் ஈரத்தில் வைத்து, மேலே மண் பூசி மூடுங்கள். சூப்பரில் உள்ள ஜிப்சம் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்வதால் எருவின் நெடி குறைந்திருப்பதை உங்கள் மூக்கே சொல்லும். இதே கலவையை மணிச்சத்தைப் பிடிக்காத கடலோர மணலில் இட்டால், பூட்டப்படுவதைத் தடுக்கும் பயன் அங்கே பெரிதாக இராது. மெல்லக் கொடுப்பது மட்டுமே பயன்.

கேள்வி: உப்பங்கழியை ஒட்டிய என் நிலத்தில் சேறு கன்னங்கரேலென்று இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. இது மக்கு நிறைந்த கரிம மண்தானா? மணிச்சத்து இட வேண்டுமா? (கிள்ளை வாசகர்)

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கைப்பிடிச் சேற்றை வெள்ளைத் தட்டில் பரப்பிக் காற்றில் ஓரிரு நாள் வையுங்கள். கருமை மறைந்து பழுப்பாகிவிட்டால் அது மக்கின் நிறம் அன்று. கந்தகத்தோடு சேர்ந்த இரும்பின் நிறம். சதுப்பு மரங்களின் இலையும் வேரும் விழுவதால் அங்கே மக்கு ஓரளவு இருக்கும் என்றாலும் அடிப்படையில் அது களியும் வண்டலுமே. நீர் தேங்கிக் காற்றில்லாமல் இருக்கும்போது இரும்பு தன் வடிவம் மாறி, பிடித்திருந்த பாஸ்பேட்டை விட்டுவிடும். கந்தகம் அந்த இரும்பையும் பற்றிக்கொண்டால் பாஸ்பேட் மேலும் விடுபடும். ஆகவே நீர் நிற்கும் வரை மணிச்சத்துக்கு அவசரம் இல்லை. உங்கள் முதல் கவலை உப்பாக இருக்கட்டும். ஆழமாக வடித்துக் காயவிடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காற்றுப்பட்டதும் அது கந்தக அமிலமாகி, கார அமில நிலையை 4-க்கும் கீழே இறக்கிவிடும்.

கேள்வி: பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த ஹியூமிக் அமிலத்தை விற்பவர்கள், அதைப் போட்டால் டிஏபியைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா? (நெய்வேலி வாசகர்)

பதில்: நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் புளோரிடா மண்ணைப் போன்ற சதுப்பு மக்காக இருந்ததுதான், புதைந்து, இறுகி, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல் கடந்து கரியாயிற்று. அதைக் காரக் கரைசலில் ஊறவைத்து எடுக்கும் ஹியூமிக் அமிலத்தில் மணிச்சத்து ஏறக்குறைய இல்லை. இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண்ணில், அது பிடிமான இடங்களில் சிலவற்றை அடைத்து, இடும் டிஏபியில் சற்றுக் கூடுதலான பங்கைப் பயிருக்கு விடக்கூடும். வேர் வளர்ச்சிக்கும் ஓரளவு உதவக்கூடும். ஆனால் ஏக்கருக்குச் சில கிலோ ஹியூமிக், அந்த ஏக்கரின் மேல்மண்ணில் டன் கணக்கில் இருக்கும் இரும்பு ஆக்சைடை என்ன செய்துவிட முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள். "பாதி" என்பது விற்பனைப் பேச்சு. விரும்பினால், ஒரே வயலில் இரண்டு பாத்திகளை ஒதுக்கி இரண்டிலும் டிஏபியைப் பாதியாகக் குறையுங்கள். ஒன்றில் மட்டும் ஹியூமிக் சேருங்கள். பக்கத்தில் முழு டிஏபி இட்ட பாத்தி ஒன்றையும் வைத்து, மூன்றின் விளைச்சலையும் எடை போட்டுப் பாருங்கள். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே உயர் அளவில் இருந்தால் மூன்றும் ஒன்றுபோலவே விளையும். அப்போது நீங்கள் நிறுத்த வேண்டியது ஹியூமிக்கையும் டிஏபியையும் சேர்த்துத்தான்.